திருகாணி அக்கா வளர்த்த மிளகாய்

எனக்கு நேர் மேல் வீட்டில் குடியிருக்கும் பெண்ணைக் கட்டடத்தில் எல்லாரும் திருகாணி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியின் கம்பி கழன்று போனாலும், மூக்கை அழுத்தினாலும், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றாலும் அக்காவிடம் கொடுத்தால் போதும். சின்னத் திருப்புளியை எடுத்து, எறும்பின் தலை அளவுத் திருகாணியை முறுக்கி, கம்பியைச் சூட்டில் காட்டி லேசாக வளைத்து, வந்தவர் முகத்தில் தன் கையாலேயே மாட்டிவிடுவாள். "கொஞ்சம் குனிஞ்சு நிமிருங்க. இறங்குதா? இறங்கல இல்ல?" ஒரு நாளில் அவள் பேசுகிற மொத்தப் பேச்சும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் அதுவும் கிடையாது. காரணம், அவள் கணவர். அவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். தலையணை உறை வாங்க வந்தவரைப் பேசிப் பேசியே இரட்டைக் கட்டில் மெத்தையோடு அனுப்பி வைக்கும் வாய் அது. கடையில் செலவழித்தது போக மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். லிப்ட் ஏன் அடிக்கடி நின்றுபோகிறது, அடுத்த போர் எங்கே மூளும், முழங்கால் வலிக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் தயாராக இருக்கும். அக்கா ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிப்பவர் அவர்தான். பெரும்பாலும் தப்பாக முடிப்பார்.

"இன்னைக்குக் கடைக்கு ஒரு பெரியவர் வந்தாரு, அவர் கையில..."

"நடுக்கம்! கை நடுக்கம்தானே? இந்த வயசுல வரும். நம்ம கடையிலயும் ஒருத்தருக்கு அப்படித்தான். நான் அப்பவே சொன்னேன்..."

பெரியவருக்கு நடுக்கம் எதுவும் இல்லை. அவர் கையில் வேறு ஏதோ இருந்தது. அது என்னவென்று அன்றைக்கு வெளியே வரவே இல்லை.

இந்த அக்கா ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் நாற்றுக் கடையில் குடைமிளகாய் விதை கேட்டாள். பால்கனியில் சும்மா கிடக்கும் பெயின்ட் வாளிகளில் ஏதாவது வைக்கலாமே என்ற யோசனை, வேறொன்றுமில்லை. கடைக்காரன் ஒரு பொட்டலத்தைத் தூக்கிக் கொடுத்தான். "குடைமிளகாய்தானே இது?" என்று கேட்டதற்கு, "எல்லாம் மிளகாய்தாங்க, காய்ச்சா தெரிஞ்சுடப் போவுது" என்றான். அந்த ஆள் பொய் சொல்லவில்லை.

விதை முளைக்க ரொம்ப நாள் பிடித்தது. செடி வளர்ந்து பூ வைத்தது, வைத்த பூவெல்லாம் கொட்டியது. லென்ஸில் தூசி தட்டுகிற மெல்லிய பிரஷ் ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்து, ஒரு பூவைத் தொட்டு இன்னொரு பூவைத் தொட்டு, தினமும் காலையில் மகரந்தம் தடவினாள். அப்புறம்தான் காய் நின்றது. உருண்டு திரண்டு பளபளவென்று ஒரு குடைமிளகாய் வரும் என்று பார்த்தால், ஊறின விரல் மாதிரி தோல் சுருங்கி, அடியில் கொடுக்கு மாதிரி வால் நீட்டி, ரத்தச் சிவப்பில் ஒன்று தொங்கியது.

"இது குடைமிளகாய் இல்லைங்க. வேற ஏதோ..." என்றாள் அக்கா, சாப்பாட்டு மேசையில் அதை வைத்து.

"நோய் விழுந்த குடைமிளகாய். தண்ணி அதிகம் ஊத்தியிருப்ப" என்றார் கணவர்.

"காரமா இருக்கும் போல. வாசனையே மூக்குல ஏறுது."

"காரமா? நான் பார்க்காத காரமா?" என்று எடுத்தார், பாதிக்கு மேல் கடித்தார், மென்றார். "இதெல்லாம் ஒரு காரம்னு..." என்று ஆரம்பித்தார்.

அந்த வாக்கியம் முடியவே இல்லை. முதலில் காது சிவந்தது. பிறகு வழுக்கைத் தலையின் உச்சியில் முத்து முத்தாக வியர்வை. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். விக்கல் வந்தது, வார்த்தை வரவில்லை. எழுந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து, ஐஸ் தட்டுகளுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டார். அக்கா பதறிப் போய்ப் பாலை ஊற்றிக் கொடுத்தாள், இருந்த ஐஸ்கிரீமை டப்பாவோடு கையில் கொடுத்தாள். உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்ததும் எதிரில் உட்கார்ந்தாள்.

வீடு அமைதியாக இருந்தது. சுவர்க் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் பார்த்தாள். யாரும் குறுக்கே வருகிற மாதிரி இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். "அந்தப் பெரியவர் வந்தாருன்னு சொன்னேன்ல, அவர் கையில செத்துப்போன அவர் சம்சாரத்தோட கண்ணாடி இருந்துச்சுங்க. பூப்போட்ட பிரேம். பொம்பளைங்க போடுறது. லென்ஸை மட்டும் என் பவருக்கு மாத்திக் கொடும்மான்னாரு. நான் மாத்தி மாட்டிவிட்டேன். சுத்திப் பார்த்துட்டு, 'அவ பார்த்த மாதிரியே எல்லாம் கொஞ்சம் பெரிசா தெரியுது'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

கணவர் வாய் நிறைய ஐஸ்கிரீமோடு தலையாட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது. பெரியவருக்காகத்தான் அழுகிறார் என்று அக்கா எடுத்துக்கொண்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் முழுதாகச் சொல்லி முடித்த முதல் கதை அது.

அதற்குப் பிறகு அவள் தெரிந்தே வளர்த்தாள்.

கைபேசியில், உலகத்திலேயே கடுமையான மிளகாய்களை வளர்க்கிறவர்களின் குழு ஒன்றில் சேர்ந்தாள். முக்கால்வாசி ஆண்கள். பிறந்த குழந்தையை ஏந்துகிற மாதிரி உள்ளங்கையில் ஒரு காயை ஏந்திப் படம் போடுவார்கள். "நேத்து இதைச் சாப்பிட்டேன், ஆஸ்பத்திரியில் சேர்த்துட்டாங்க, அற்புதம்" என்று ஒருவர் எழுதினால், "எனக்கு இன்னும் அந்தப் பாக்கியம் கிடைக்கலை" என்று இன்னொருவர் ஏங்குவார். அவர்களிடமிருந்து தபாலில் விதை வந்தது. சாக்லேட் நிறத்தில் ஒன்று, கடுகு மஞ்சளில் ஒன்று, பல் மாதிரி வெள்ளையில் ஒன்று, கத்திரிக்காய் ஊதாவில் ஒன்று. பால்கனி நிறைந்து, குளியலறை ஜன்னல் நிறைந்து, துணி அலமாரியின் கீழ்த் தட்டுக்குள் டியூப்லைட் போட்டு நாற்று வைக்கும் அளவுக்குப் போனது. மேலே தண்ணீர் ஊற்றினால் கீழே நான் காயப்போட்ட துணியில் செம்மண் சொட்டும். கேட்கப் போனால் பழுத்த காய் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவாள். அதற்குப் பயந்தே நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு ரகத்துக்கும் பேய், தேள் என்று நீளநீளமாகப் பெயர். அக்காவுக்கு வாயிலும் நுழையவில்லை, மனதிலும் நிற்கவில்லை. அதனால் தனக்குத் தெரிந்தவர்களின் பெயரைக் குச்சியில் எழுதிச் செருகிவிட்டாள். ரொம்ப நேரம் ஒன்றுமே தெரியாமல் இருந்து, பிறகு நாள் முழுக்க விடாமல் அரிக்கிற ரகம் 'மாமனார்'. வாயில் வைத்த உடனே பிடுங்குவது 'வீட்டு ஓனர்'. பெரிதாக, முரட்டுத்தனமாக இருந்துகொண்டு காரமே இல்லாதது 'முதலாளி'. பழ வாசனையும் இனிப்புமாக உள்ளே போய், தொண்டையைத் தாண்டிய பிறகு வேலையைக் காட்டுவது 'நாத்தனார்'.

கணவரின் மூத்த சகோதரி, அந்த நிஜ நாத்தனார், ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றாள். நேராகப் பால்கனிக்குப் போய், குச்சியைப் படித்துவிட்டாள்.

அக்கா பின்னாலேயே ஓடினாள். "அண்ணி, அது வந்து..."

"என் பேரையா வச்சிருக்க?" நாத்தனாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "என் கூடப் பிறந்தவனுக்கு ஒரு நாய்க்குட்டிக்காவது என் பேரை வைக்கத் தோணுச்சா? எப்படி இருக்கும் இது?"

"முதல்ல இனிப்பா இருக்கும் அண்ணி."

"சரிதான். அப்புறம்?"

"அப்புறம்... கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தெரியும்."

"அதுவும் சரிதான்" என்று சொல்லி, முழுக் காயையும் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். அக்காவின் கணவர் அலறிக்கொண்டு ஐஸ்கிரீம் எடுக்க ஓடினார். நாத்தனார் நின்று நிதானமாக மென்றாள். கண் கலங்கவில்லை. மூக்கு உறிஞ்சவில்லை. விழுங்கிவிட்டு நாக்கால் பல்லைத் துழாவினாள்.

"உப்பு கொஞ்சம் இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். போகும்போது ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு போனாள்.

அதோடு கணவரின் கடைப் பேச்சு மெத்தையிலிருந்து மிளகாய்க்கு மாறியது. "நாங்க வளர்க்கிறோம்" என்று சொல்ல ஆரம்பித்தார். செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியறியாதவர், "எங்களோடது உலகத்துலயே முதல் பத்துக்குள்ள வரும்" என்றார். கேட்ட ஆண்களுக்கெல்லாம் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிறு தோறும் யாராவது ஒருவர் சவால் விட்டுக்கொண்டு வந்தார். மெத்தைக் கடை மேலாளர் வந்தார், எங்கள் கட்டடச் சங்கத் தலைவர் வந்தார், உடற்பயிற்சிக் கூடத்துப் பயிற்சியாளர் வந்தார். அக்கா நகம் வெட்டின அளவுக்கு ஒரு துண்டு நறுக்கிக் கொடுப்பாள். எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "இதுல என்ன இருக்கு?" எல்லாரும் ஒரே மாதிரிதான் முடிப்பார்கள், முடிக்காமலே. பயிற்சியாளர் எங்கள் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து, தோள்பட்டை குலுங்க, "உடம்புக்கு நல்லதுங்க, ரத்தம் நல்லா ஓடுது" என்று என்னிடம் அழுதுகொண்டே சொன்னார். தெருமுனைக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் பால் கூடுதலாக வாங்கி வைக்க ஆரம்பித்தார்.

இத்தனை பேருக்கும் கொடுக்க வேண்டுமே. அக்கா தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் உட்கார்ந்து காய் பறிப்பாள், பிளப்பாள், விதை எடுப்பாள், காயவைப்பாள். சோப்புப் போட்டு நன்றாகத்தான் கை கழுவுவாள். ஆனால் அந்தக் காரம் எண்ணெயோடு ஒட்டுகிற சமாச்சாரம், சோப்புக்கும் தண்ணீருக்கும் லேசில் போகாது. பழகிய கை என்பதால் அவளுக்கு எரியவும் இல்லை.

கண்ணாடிக் கடையில் ஜனங்கள் அழத் தொடங்கினார்கள்.

முதலில் ஒரு இளைஞன். அக்கா புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, மூக்கில் உட்காரும் இரண்டு தாங்கிகளையும் விரலால் அழுத்திச் சரிசெய்தாள். அவன் எதிரிலிருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான். கண் நிறைந்து வழிந்தது. அடுத்து ஒரு பள்ளி ஆசிரியை. அடுத்து ஒரு போலீஸ்காரர்.

கடை முதலாளி நெகிழ்ந்து போனார். "வருஷக்கணக்கா மங்கலாப் பார்த்துட்டு, திடீர்னு எல்லாம் தெளிவாத் தெரிஞ்சா மனசு தாங்குமா?" என்றார். 'எங்கள் கண்ணாடியை அணிந்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்கள்' என்று வாசலில் பெரிய பலகையும் வைத்தார்.

கடையின் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கண் டாக்டர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஆனந்தத்தில் நம்பிக்கை கிடையாது. டார்ச் அடித்துப் பார்த்து, "கண் வறட்சி" என்று முடிவு சொன்னார்.

"தண்ணியா கொட்டுதே டாக்டர்?" என்றார் போலீஸ்காரர்.

"வறட்சி அதிகமானா அப்படித்தான் கொட்டும். போன் அதிகமாப் பார்க்கிறீங்களா?"

"என்கிட்ட பட்டன் போன்தான் டாக்டர்."

"பக்கத்துல உட்கார்ந்து யாராவது பார்க்கிறாங்களா?"

எல்லாருக்கும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்து அதே கடையில் கிடைக்கும். முதலாளி அதற்கென்று ஓர் அலமாரியே போட்டார். கம்பியைச் சரிசெய்யப் போன எனக்கும் ஒரு புட்டி கிடைத்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், போட்டதும் இதமாகத்தான் இருந்தது.

டாக்டர் ஊர்க் காற்றைப் பற்றி, திரை வெளிச்சத்தைப் பற்றி, இந்தத் தலைமுறையின் தூக்கத்தைப் பற்றியெல்லாம் ஆராய்ந்தார். மருத்துவர்களின் கூட்டமொன்றில் இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள், அதற்கு ஒரு கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார். அப்போதுதான் நாத்தனார் கடைக்கு வந்தாள், படிக்கிற கண்ணாடி வாங்க.

அக்கா மாட்டிவிட்டாள், தாங்கியை அழுத்தினாள். நாத்தனாருக்குக் கண்ணீர் வரவில்லை. ஆனால் மூக்கைச் சுருக்கி முகர்ந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி, தாங்கியை நாக்கால் தொட்டாள்.

"ஏய்," என்றாள், கடை முழுக்கக் கேட்கிற குரலில், "இது நான்டி!"

அக்காவுக்கு ஒரு நொடி எதுவும் விளங்கவில்லை. அடுத்த நொடி எல்லாம் விளங்கிவிட்டது. இளைஞன், ஆசிரியை, போலீஸ்காரர், அதற்கப்புறம் வந்த அத்தனை முகங்களும் கண் முன்னால் வரிசையாக வந்து அழுதன. கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, சத்தமாச் சொல்லாதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்? உங்க முதலாளி அந்தப் பலகையை வச்சதுல கூட்டம் எப்படி அள்ளுது பாரு" என்றாள் நாத்தனார். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து அக்கா வீட்டில் எண்ணெய் தடவிக் கை கழுவி, கடையில் மெல்லிய கையுறை போட்டுக்கொண்டாள். அழுகை சட்டென்று நின்றது. வந்தவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். சொட்டு மருந்து அலமாரியில் தூசி படிந்தது. டாக்டர், பருவம் மாறிவிட்டது என்றார். முதலாளிக்கு மட்டும் முகம் வாடிப் போனது. "ஏம்மா, இப்பல்லாம் யாரும் நெகிழ மாட்டேங்கிறாங்களே, ஏன்?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்காவால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். வாழ்க்கையில் அவள் தொடர்ச்சியாகப் பேசிய இரண்டாவது நீளமான பேச்சு அது. "எல்லாருக்கும் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுடலாம் சார். என்னை வேலையை விட்டு எடுத்தாலும் சரி."

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே! போலீஸ்காரரை வேற அழ வச்சிருக்கோமே!" அங்குமிங்கும் நடந்தார். வாசல் பலகையைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். நடை மெதுவானது. திரும்பி வந்து, குரலைத் தழைத்துக்கொண்டு, ரொம்ப அன்பாகக் கேட்டார்:

"அந்தக் கையுறை... கட்டாயம் போட்டுத்தான் ஆகணுமாம்மா?"

அக்கா கையுறையைக் கழற்றினாள். நாத்தனாருக்குக் கொடுப்பதற்காகப் பைக்குள் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். அதைப் பிரித்து, ஒரு காயை விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினாள்.

"உங்க கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருக்கு சார். கொடுங்க."

வாங்கினாள், தாங்கி இரண்டையும் அழுத்தினாள். அவர் என்ன ஏது என்று சுதாரிப்பதற்குள் முகத்தில் மாட்டிவிட்டாள். "குனிஞ்சு நிமிருங்க. இறங்குதா?"

முதலாளி குனிந்தார். நிமிரவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் ஓடி வந்தார். முதலாளியின் கண்ணிமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"நான் அப்பவே நினைச்சேன் சார். உங்களுக்கும் ஆரம்பிச்சிடுச்சு. ரொம்ப முத்தின வறட்சி. போன் அதிகமாப் பார்க்கிறீங்களா?"

முதலாளி வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் இத்தனை நாள் விற்ற மருந்துக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கண்ணீர் வழிய வாயை மூடிக்கொண்டார். "ஆமா டாக்டர்" என்றார் ஈனமான குரலில். "கொஞ்சம் அதிகமாத்தான் பார்க்கிறேன்." டாக்டர் அவரைச் சாய்த்து உட்கார வைத்து, அலமாரியிலிருந்து ஒரு புட்டியைத் திறந்து, இரண்டு கண்ணிலும் சொட்டுச் சொட்டாக விட்டார்.

அக்காவை வேலையை விட்டு எடுக்கவில்லை. கையுறை பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. வாசல் பலகை காணாமல் போனது. மருந்தினால் ஊரே குணமாகிவிட்டது என்று டாக்டர் புதுக் கோட்டோடு போய்க் கூட்டத்தில் பேசிவிட்டு வந்தார், பலத்த கைதட்டலாம். இன்றுவரை அவருக்கு விஷயம் தெரியாது. வீட்டில் கணவர் பேச்சைக் குறைக்கவில்லை. ஆனால் அக்கா, "நான் ஒண்ணு சொல்லணும்" என்று பால்கனிப் பக்கம் திரும்பினால் மட்டும் நிறுத்திவிடுகிறார்.

மன்னிப்புக் கேட்கிற வேலையை அக்கா விடவில்லை. அழுதவர்களை வழியில் பார்த்தால் நிறுத்திச் சொல்கிறாள். யாரும் நம்புவதில்லை. "இல்லைங்க, எனக்கு நிஜமாவே வறட்சிதான். டாக்டரே டார்ச் அடிச்சுப் பார்த்துச் சொன்னாரு" என்று ஆசிரியை கோபித்துக்கொண்டாளாம். போன வாரம் என்னையும் மாடிப்படியில் நிறுத்தி, முழுக் கதையையும் சொன்னாள். தோளில் ஒரு மூட்டை மண் இருந்தது, அதை இறக்கக்கூட இல்லை.

"அப்ப எனக்குக் கண் வறட்சி இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. உங்க கண்ணு நல்லா இருக்கு. எல்லாம் மிளகாய்தான்."

எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி, வேலையில் ஒரு நாள் விடுப்பும் எடுத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா இரக்கப்பட்டாள்.

"வேணும்னா அந்தச் சொட்டு மருந்தைப் போட்டுக்குங்க. கெடுதல் ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு, மூட்டையை ஒரு தடவை எகிற வைத்துச் சரிசெய்துகொண்டு மேலே ஏறிப் போனாள்.